வயோமிங்குக்குப் போகாத அறிவிப்பு

நெப்ராஸ்காவில் குதிரைச் சவாரிப் பண்ணைக்காரர்கள் இருபத்திரண்டு பேர் சேர்ந்து சவாரி செய்பவர்களுக்கு அடிபட்டால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தார்கள். அந்தக் குழுவின் செயலாளர் வெல்டா ஹாஸ்கின்ஸ். வேறு மாநிலத்துப் பண்ணையைச் சேர்ப்பதென்றால் முதலில் அந்த மாநிலக் காப்பீட்டுத் துறைக்கு அறிவிப்பு போயாக வேண்டும், சட்டம் அப்படி. வயோமிங்கிலிருந்து ராய்ஸ் டட்டில் என்ற பண்ணைக்காரன் சேர்ந்தபோது வெல்டா அறிவிப்பை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். தபாலில் சேர்ப்பதற்குள் கணவனுக்கு நெஞ்சுவலி வந்து, மருத்துவமனையே கதி என்றாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ராய்ஸ் போன் செய்தான்.

"வெல்டா, காகிதமெல்லாம் போயிடுச்சா? நாளைக்கு ஆளுங்களைக் குதிரையில ஏத்தலாமா? இல்லேன்னா ஒரு வாரம் பொறுத்துக்கறேன்."

"போயிடுச்சு. ஏத்துங்க."

திங்கட்கிழமை அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை ஐனா வோல்மர் என்ற பள்ளி ஆசிரியை ராய்ஸின் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனாள்.

காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்யாமல் இழப்பீடு கொடுத்தது. அறிவிப்பு தாமதமானதற்குத் துறை சிறிய அபராதம் போட்டது. அத்தோடு எல்லோரும் மறந்துபோனார்கள். வெல்டாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐனா வரத் தொடங்கினாள். செய்தித்தாளில் பார்த்த அதே முகம். பட்டப்பகலில், அலுவலகத்தில், எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பேசமாட்டாள். வெல்டா தபால் உறை ஒட்டும்போது அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"உனக்குத் தூக்கம் பத்தல," என்றான், அவள் சொன்னதைக் கேட்ட கணவன்.

ஜூன் மாதம் வெல்டா ஐந்து மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு ராய்ஸின் பண்ணைக்குப் போனாள். அவன் லாயத்தைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய், ராய்ஸ். அறிவிப்பு என் மேஜையிலதான் கிடந்தது. உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க ஒரு வாரம் பொறுத்திருப்பீங்க. அவங்க உயிரோட இருந்திருப்பாங்க."

அவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான்.

"காலையிலேயே அந்தக் குதிரை மிரண்டுக்கிட்டு இருந்துச்சு. தெரிஞ்சேதான் சேணம் கட்டினேன். அந்தப் பழியை நீங்க எடுத்துக்காதீங்க. அது என்னோடது."

வெல்டா தயங்கித் தயங்கி நாற்காலி விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"உங்ககிட்டயும் வர்றாங்களா?" என்று மட்டும் கேட்டான். "இங்க வேலியோரமா நிப்பாங்க. நான் கும்பிடாத குறையா என்ன வேணும்னு கேட்டுப் பார்த்துட்டேன், வாயே திறக்கமாட்டேங்கறாங்க."

இருவரும் வேலியைப் பார்க்கவில்லை. அவன் காப்பி ஊற்றிக் கொடுத்தான். அது ஆறிப்போகும்வரை அவள் கோப்பையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.