நாற்பது மெத்தையும் ஒரு டயரும்

முதல் தப்பு என்னுடையது. அதைச் சொல்லிவிட்டால்தான் மற்றவர்களைத் திட்ட எனக்கு வசதியாக இருக்கும்.

சோகுலுக் ஊரைத் தாண்டி நாலு கிலோமீட்டர் வந்திருப்போம். காலை பதினொரு மணி. அக்டோபர் மாதம், பீட்ரூட் லாரிகள் சர்க்கரை ஆலைக்கு ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகிற காலம். பின்பக்கத்து இடது டயர் பட்டென்று போயிற்று. எதிரே முந்நூறு மீட்டரில் மாவு மில்லின் வாசல் தெரிந்தது. டயர் கிழிந்தாலும் சரி, ரிம் நெளிந்தாலும் சரி என்று மெல்ல உருட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பதினோரு வருஷம் இதே சாலையில் தார் போட்டவன் நான். எங்கள் கூட்டத்தில் எசென் என்று ஒருவன் இருந்தான். ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி டிரெய்லர் டயரின் நட்டைத் திருகிக்கொண்டிருந்தபோது ஒரு லாரி அவனை இழுத்துக்கொண்டு போனது. அவனுடைய பூட்ஸ் ஒன்றைப் புல்லிலிருந்து நான்தான் எடுத்தேன். இவ்வளவும் தெரிந்தவன், புது ரிம் ஆயிற்றே என்று நின்ற இடத்திலேயே ஓரங்கட்டினேன்.

ஓரம் என்றால் ஒரு வேன் அகலம்கூட இல்லை. வலப்பக்கம் வாய்க்கால். இடப்பக்கம் லாரிகள். ஒவ்வொன்றும் கடக்கும்போது வேன் ஒரு முறை குலுங்கி நின்றது.

வேனுக்குள் கல்யாணச் சீர். கூரை முட்ட, தரையில் விரிக்கிற மெல்லிய பஞ்சு மெத்தை நாற்பது, ஒரு தகரப் பெட்டி, இரண்டு பெண்கள். ஒருத்தி மணப்பெண்ணின் அத்தை கலிச்சா. அறுபது வயது, நூறு கிலோ, இரண்டு முட்டியும் போனவள். இன்னொருத்தி பெண்ணின் அண்ணி புருல். மதியத்துக்குள் மாப்பிள்ளை வீட்டில் மெத்தைகளை அடுக்கி ஊருக்குக் காட்டியாக வேண்டும். வழியெல்லாம் இதே பேச்சு.

நாலு இண்டிகேட்டரையும் போட்டேன். "ரெண்டு பேரும் இறங்குங்க. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. வண்டிக்குள்ள யாரும் இருக்கக் கூடாது."

புருல் பக்கக் கதவை இழுக்கக் கை வைத்தாள். தட்டிவிட்டேன். இது எங்களுக்கென்று வாய்த்த சனியன். நாங்கள் ரோட்டில் வலப்பக்கம் போகிறவர்கள். மலிவு என்று வாங்கி வைத்திருக்கிற வண்டியோ இடப்பக்கம் போகிற ஜப்பான்காரனுக்காகச் செய்தது. ஓரத்தில் நிறுத்தினால் டிரைவர் வாய்க்கால் பக்கம் சுகமாக இறங்கிவிடுவான். சவாரிக்கு இருக்கிற ஒரே கதவு லாரிக்கு நேராகத் திறக்கும்.

"என் சீட்டு வழியா தாண்டி வாங்க."

புருல் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஒரே தாவில் வந்துவிட்டாள். கலிச்சா அசையவில்லை.

"உன் ஸ்டியரிங் மேல காலத் தூக்கிப் போட்டு நான் வரணுமா? இந்த வயசுல? போறவன் வர்றவன் எல்லாம் பாக்க?"

"பாத்துட்டுப் போறான். உசுரு பெருசா, வெக்கம் பெருசா அக்கா?"

"நீ டயர ஒழுங்கா வச்சிருந்தா ரெண்டும் எங்கிட்ட இருந்திருக்கும், தம்பி. அந்தக் கதவத் தொற, இறங்கறேன்."

"அது தொறந்தா நேரா மேலதான் போவீங்க."

"அப்ப நான் இங்கயே இருக்கேன். சீரத் தனியா விட்டுட்டு வந்தேன்னு நாளைக்கு ஒருத்தி பேசக் கூடாது."

பின்னால் வருகிறவனை எச்சரிக்க வைக்கிற சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாகவே பின்னால் நடந்து, எழுபது அடி எடுத்து வைத்து நிறுத்திவிட்டு வந்தேன். கலிச்சா உள்ளே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். என்னிடமும் ஒரு துண்டை நீட்டினாள்.

ஸ்டெப்னி மெத்தைகளுக்கு அடியில், தரைப்பலகைக்குக் கீழே. "மெத்தைய இறக்கணும்," என்றேன்.

"எங்க இறக்குவே?"

"புல்லுல."

"மண்ணுல பட்ட மெத்தையோட போற பொண்ணு வருஷம் திரும்பறதுக்குள்ள வீட்டுக்கே திரும்பி வந்துடுவா. எங்க சின்னவ கதை உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியவும் வேண்டாம். சாலை பக்கம் பார்த்தேன். ஒரு லாரி பாரத்தோடு வந்தது. கடைசி நேரத்தில்தான் முக்கோணத்தைக் கண்டு விலகியது. இரண்டு பீட்ரூட் உருண்டு வந்து என் டயரில் முட்டி நின்றன.

அதற்குப் பிறகு உதவி வந்தது. உதவியே எனக்குப் பெரிய தொல்லை. ஒருவன் நிற்கிறான் என்றால் அடுத்தவனும் நிற்பான், இந்த நாட்டில் அது மாறாது. வெங்காய லாரிக்காரன் ஜுமாஷ் முதலில் நிறுத்தினான். பின்னாலேயே ஒரு டாக்சி, ஒரு பால் வண்டி, இன்னும் இரண்டு கார். எல்லாம் என் வேனுக்கு வாலாக. இறங்கியவர்கள் எல்லாரும் எல்லாருக்கும் கை கொடுத்தார்கள். என் கை அழுக்கு என்றால் மணிக்கட்டை நீட்டச் சொல்லி அதைக் குலுக்கினார்கள். வீட்டில் சௌக்கியமா, பிள்ளைகள் சௌக்கியமா, ஆடு மாடு சௌக்கியமா. காதருகே லாரிகள்.

"சௌக்கியம் எல்லாம் அப்பறம்," என்றேன். "வண்டிகள எடுத்து மில்லு வாசல்ல விட்டுட்டு நடந்து வாங்க."

"என்னப்பா, உதவ வந்தவன வெரட்டறே," என்றான் பால்காரன். சொல்லிக்கொண்டே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இடது டயரின் பக்கம் போய்க் குந்தினான். முதுகு ரோட்டுக்கு. அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். பின்புறம் தரையில் பட விழுந்தான்.

"இருபது வருஷமா மாத்தறேண்டா நான்."

"எசென் முப்பது வருஷம் மாத்தினான்."

"யாரு எசென்?"

"அதான், யாருன்னு இப்ப யாருக்கும் தெரியல."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். முனகிக்கொண்டே வண்டிகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, எட்டுப் பேர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமாக நடந்து வந்தார்கள்.

ஜுமாஷ் வலப்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "ஏங்க்கா, மெத்த மண்ணுலதான் படக் கூடாது? மனுசன் மேல படலாமில்ல?"

கலிச்சா யோசித்தாள். "கை கழுவியிருந்தா படலாம்."

எட்டுப் பேரும் வாய்க்கால் தண்ணீரில் கை கழுவினார்கள். பின்கதவைத் திறந்து, நான் உருவிக் கொடுக்கக் கொடுக்க, தலைக்கு அஞ்சு மெத்தை என்று வாங்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போய் நின்றார்கள். முகவாய் வரைக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை. பால்காரன் மெத்தைக்குப் பின்னாலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே இருந்து கலிச்சாவின் குரல் வந்தது. "டேய் வழுக்கத் தலை, அந்த வெல்வெட்டக் கசக்காத. அடேய், உன்னத்தான்."

வேன் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசி மெத்தை போனதும் அவளுக்கும் பின்கதவுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. அவளே சீட்டைப் பிடித்துத் தவழ்ந்து பின்பக்கமாக வந்து, என் தோளில் முழு பாரத்தையும் போட்டு இறங்கினாள். என் தோள் இன்றைக்கும் வலிக்கிறது. புருலும் ஜுமாஷும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளை வாய்க்கால் தாண்ட வைத்தார்கள். இருபத்தைந்து நிமிஷம் கெஞ்சினேன், வரவில்லை. மெத்தை போனதும் பின்னாலேயே போய்விட்டாள்.

டயரை அங்கே மாற்றவில்லை. எல்லாரையும் மெத்தைகளோடு அந்தப் பக்கமாகவே நடக்கச் சொல்லிவிட்டு, செத்த டயரிலேயே வேனை மில்லுக்கு உருட்டினேன். ரிம் தாரில் உரசிக் கத்தியது. முதலிலேயே கத்த விட்டிருந்தால் இத்தனை கூத்து இல்லை. மில் முற்றத்தில் ஸ்டெப்னியை மாட்டப் பத்து நிமிஷம் ஆனது.

முக்கோணத்தை எடுக்க நடந்து திரும்பினேன். அது நாலு துண்டாகக் கிடந்தது. இரட்டைச் சக்கரத் தடம் ஒன்று அதன் மேல் ஏறி, ஓரத்திலேயே நீளப் போய், என் வேன் நின்ற இடம் முழுவதையும் அரைத்துவிட்டுச் சாலைக்குத் திரும்பியிருந்தது. அங்கே வழிந்திருந்த எண்ணெய்ச் சொட்டுகூட மண்ணோடு சேர்ந்துவிட்டது. சுற்றிலும் பீட்ரூட்.

துண்டுகளைக் கொண்டுபோய்க் கலிச்சாவிடம் காட்டினேன். "நம்ம வண்டி நின்ன இடத்துல, அக்கா."

ஒரு துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "மெத்தகிட்ட வைக்காத. அழுக்கு ஒட்டும்," என்றாள். மாப்பிள்ளை வீட்டில் தாமதம் ஏன் என்று கேட்டால் டிரைவர் பெயரைத்தான் சொல்லப் போவதாகவும் சொன்னாள்.

ஒரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் நிறுத்தினேன். மண் தெரு. கோழிகூடக் குறுக்கே வராத தெரு. வரவேற்க இருபது பெண்கள் வாசலில் நின்றார்கள். கதவைத் திறக்கலாம் என்று கலிச்சா பக்கம் திரும்பினால், அவள் பாவாடையைச் சுருட்டி முன்சீட்டுக்கு ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்க எதுக்குக்கா? அந்தக் கதவாலயே இறங்கலாம்."

"சும்மா இரு. வழிய விடு."

முட்டியை என் தொடையில் ஊன்றினாள். இடுப்பு ஸ்டியரிங்கில் இடித்து ஹார்ன் அலறியது. இருபது பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.