மாதிரிக்குக் கொடுத்த மக்காச்சோளம்

என் கணவர் தனபாலுக்கு ஒரு குணம் உண்டு. வீட்டிலிருந்து எது வெளியே போனாலும் முதல் தரமாகத்தான் போக வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக்கு முட்டை கொடுத்தனுப்பினால் ஒரே அளவாகப் பொறுக்கி அடுக்குவார். விருந்தாளிக்குப் புது டம்ளர், எங்களுக்கு நெளிந்தது. கல்யாணமான புதிதில் எனக்கு இது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு கோழிப்பண்ணையும் அதை ஒட்டித் தீவன மில்லும் இருக்கின்றன. லாரி லாரியாக மக்காச்சோளம் வரும். மூட்டை இறக்க ஆள் கிடைப்பது வரவரக் குதிரைக்கொம்பாகிவிட்டது. ஆளுக்காக லாரி நிற்கும், லாரிக்காக மில் நிற்கும், மில்லுக்காக இவர் கத்திக்கொண்டு நிற்பார். கடைசியில் சைலோ போட்டுவிடுவது என்று முடிவானது. சைலோ என்றால் தானியத்தை மொத்தமாகக் கொட்டிவைக்கும் இரும்புக் குதிர், எங்கள் வீட்டைவிட உயரம். லாரி குழியில் சோளத்தைக் கொட்டும். வாளிகள் கோத்த பெல்ட் அதைத் தூக்கிக்கொண்டு போய் மேலே தள்ளும். அடியிலுள்ள புனல் வழியாக அது தானாக இறங்கி அரைவைக்குப் போகும். இதெல்லாம் கடையில் கைகாட்டி வாங்கும் சாமான் இல்லை. இடத்தையும் சரக்கையும் பார்த்து நமக்கென்று அளவெடுத்துச் செய்ய வேண்டியது.

அதைச் செய்ய வந்தவர் கலையரசன் அண்ணன். ஓமலூர்க்காரர். திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்தபோது இவரும் அவரும் ஒரே அறை. படிப்பு முடிந்து ஓமலூரில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். அதுவரை சின்னச் சின்ன கன்வேயர்களாகச் செய்துகொண்டிருந்தவருக்கு எங்கள் சைலோதான் முதல் பெரிய வேலை. இது நல்லபடியாக நின்றுவிட்டால் நாமக்கல் மில்காரர்கள் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். என் கணவருக்கு ஒன்றுவிட்ட மாமா வெள்ளியங்கிரி, எங்களைவிடப் பெரிய மில் வைத்திருப்பவர், இது ஓடுவதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று செய்யச் சொல்வதாக முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தார்.

அளவெடுக்க வந்த அன்று அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏப்பா தனபாலு, எனக்கு ஒரு மூட்ட சோளம் வேணும். இருக்கறதுலயே மோசமானதாக் குடு. மழ நாள்ல நசநசன்னு வருமே, அது. காஞ்ச சோளம் எப்பிடி வெச்சாலும் எறங்கீரும். ஈரச்சோளம் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு நின்னுக்கும். அதுக்குத் தகுந்த மாதிரிதான் புனலுக்குச் சரிவு வெக்கோணும்."

இவர் சிரித்தார். "என்ற மில்லுக்கு மோசமான சோளம் வாராதப்பா."

உள்ளே போய், குஞ்சுகளுக்காக வெயிலில் காயவைத்துப் புடைத்து வைத்திருந்ததில் ஒரு மூட்டையைத் தன் தோளிலேயே தூக்கிவந்து அண்ணனின் காரில் வைத்தார். அண்ணன் ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"பொன்னாட்டம் இருக்குதே. வருசம் பூரா இதேதானா?"

"பூரா இதேதான்."

அவர் போனதும் நான் கேட்டேன். "ஏனுங்க, ஐப்பசியில வர்ற லோடு இப்பிடியா இருக்குது?"

"வெளியாளுக்குக் காட்டறப்ப நல்லதத்தான் காட்டோணும். உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

வெளியாளாம். விடுதியில் இவருக்குக் காய்ச்சல் வந்தபோது இட்லி வாங்கிவந்து ஊட்டிவிட்ட ஆள், வெளியாள்.

தை மாதம் சைலோ எழுந்து நின்றது. பூசை போட்டு ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். கோடை முழுக்க அது ஓடிய ஓட்டத்தைக் கண்டு இவருக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவார். வெள்ளியங்கிரி மாமாவும் வந்து பார்த்துவிட்டு, மழை முடிந்ததும் தன் மில்லில் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று அண்ணனுக்குப் போன் செய்து சொன்னார். அண்ணன் அன்றைக்கு எனக்குப் போன் போட்டு, "தங்கச்சி, உங்க ஊட்டு ராசி" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வந்த லோடெல்லாம் ஈரம். சைலோவின் மேல்வாய் வரை சோளம் இருந்தது, அடியில் ஒரு மணிகூட இறங்கவில்லை. ஆட்கள் சம்மட்டியால் தகரத்தை அடித்து அடித்து நெளித்ததுதான் மிச்சம். பசித்த கோழிகள் கூண்டுக் கம்பியைக் கொத்திக்கொண்டு கத்தியதில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. பழையபடி மூட்டை மூட்டையாக வெளியில் வாங்கிச் சமாளித்தோம். இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கலையரசன் அண்ணன் கொட்டுகிற மழையில் வந்தார். அடிக்கதவைத் திறந்து ஒரு கை சோளத்தைத் தோண்டி எடுத்து அழுத்தினார். கொழுக்கட்டை மாதிரி கையில் நின்றது.

"நீ குடுத்தது இது இல்லியேப்பா."

அத்தனை ஆட்களும் சுற்றி நின்றார்கள். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என்ற சரக்கு மேல பழி போடறயா? கட்டத் தெரியலீன்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, நீங்க குடுத்தது குஞ்சுக்கு வெச்சிருந்த சோளமுங்க" என்றேன்.

"நீ ஊட்டுக்குள்ள போ."

அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருமென்று நின்றார். வரவில்லை. "செரி தனபாலு. அந்தப் புனல அறுத்துட்டு நல்லாச் சரிச்சுப் புதுசா வெச்சுத் தாரேன். கொஞ்ச நாள் பொறுத்துக்க" என்றார். குற்றம் தன்னுடையது இல்லை என்று தெரிந்தும் சொன்னார்.

"நீ செஞ்ச வரைக்கும் போதும்" என்று இவர் திரும்பி நடந்தார்.

அளவு ரவிக்கை என்று பத்து வருஷத்துக்கு முந்தியதைக் கொடுத்துவிட்டுத் தையல்காரரைத் திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் ஊரெல்லாம் போய்ச் சொல்வதில்லை. இவர் சொன்னார். நாமக்கல்லில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை மில்காரர்கள் முன்னாலும், "அவனுக்குத் தொழில் தெரியாதுங்க, நம்பி மோசம் போயிட்டேன்" என்றார். வெள்ளியங்கிரி மாமா இலையை மடித்துவிட்டு வெளியே போய், அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டார். ராசிபுரத்தில் பேசி வைத்திருந்த இன்னொரு மில்லும் அதே வாரத்தில் கைவிட்டது. எங்கள் பக்கத்தில் விளம்பரம் பார்த்து மெஷின் வாங்குகிறவர் யாருமில்லை. அடுத்த மில்காரர் என்ன சொல்கிறார் என்றுதான் கேட்பார்கள்.

மார்கழியில் சைலோவைச் சரிசெய்யக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி ஆளை வரவழைத்தார். அந்தப் பையனும் மாதிரிக்குக் கொஞ்சம் சோளம் கேட்டான். இவர் பையை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் போனார். வெகு நேரமாகியும் ஆளைக் காணோம். நான் போய்ப் பார்த்தபோது குஞ்சுச் சோள மூட்டையை அவிழ்த்து, அதற்குள் முழங்கை வரை கையை விட்டபடி நின்றிருந்தார்.

"மைதிலி, மறுபடியும் இதையேதான் அள்றேன் பாரு" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. "தெரிஞ்சும் கை இங்கதான் வருது."

அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, இதை இரண்டு மாதம் முன்னால் செய்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமாகவும் இருந்தது. ஆத்திரம்தான் அதிகம்.

மறுநாளே ஓமலூருக்குப் போனோம். பட்டறையில் தடித்த தகடுகளை வளைக்கும் பெரிய மெஷின் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அண்ணன் யார் வீட்டுக்கோ ஒரு இரும்பு கேட் வெல்டு வைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், காப்பிக்குச் சொன்னார். அவர் சண்டை போட்டிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"தப்பு என்னுதுதான்டா" என்றார் இவர்.

"தெரியும்ப்பா. அன்னிக்கே தெரியும்."

"நான் என்ன செய்யட்டும்?"

"எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். அதச் சொன்ன எடத்துலயே இதையும் ஒரு வார்த்த சொல்லீரு. பெரிய வேல ஒண்ணு வந்தாப் போதும், அந்த மெஷின மறுபடி வாங்கிருவேன்."

தை பிறந்து நடந்த மில்காரர்கள் சங்கக் கூட்டத்துக்கு நானும் போனேன், இவர் பின்வாங்கிவிடுவாரோ என்று. பின்வாங்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னார். "கலையரசன் மோசமான சோளந்தான் கேட்டானுங்க. நான் கவுரவம் பாத்துட்டு நல்லதக் குடுத்துட்டேன். அவன் செஞ்சதுல ஒரு குத்தமும் இல்லீங்க" என்றார். அந்த நிமிஷம் இவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் கரைந்தது.

வெள்ளியங்கிரி மாமா எழுந்துவந்து இவர் தோளில் கைபோட்டார்.

"பாத்துக்குங்கப்பா. சிநேகிதன் பொழப்புக் கெடக்கூடாதுன்னு பழியத் தன்ற தலமேல போட்டுக்கறான். இந்த மனசு யாருக்கு வரும்?"

எல்லோரும் கைதட்டினார்கள்.

"இல்லீங் மாமா, நெசமாலுமே ஈரச்சோளம்..."

"உன்ற மில்லுக்கு ஈரச்சோளமா? யாருகிட்டக் கத சொல்றே? இத்தன வருசமா நீயே சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம் ஆயிப்போச்சு." மாமா சிரித்தார், கூட்டமும் சிரித்தது. "செரி, வா, எல போட்டாச்சு."

நான் எழுந்து, "அவரு சொல்றது நெசந்தானுங்க மாமா" என்றேன். "பாத்தயா, புருசனுக்கேத்த பொண்டாட்டி" என்று என்னையும் சேர்த்துப் பாராட்டினார்கள். பந்தியில் எங்களை மாமா பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். இவர் இலையில் போட்ட சோறு போட்டபடியே இருந்தது. அடுத்த வருஷம் சங்கத்துக்கு இவரையே தலைவராகப் போட வேண்டும் என்று எதிர் வரிசையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கலையரசன் அண்ணனின் போன் வந்தது. இவர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை, என் மடியில் வைத்தார். நான் எடுத்தேன்.

"சொல்லீட்டானா தங்கச்சி?"

"சொல்லீட்டாருங்கண்ணா. எல்லாத்தையும் சொன்னாரு."

"என்ன சொன்னாங்க?"

"நீங்க அவருக்கு சிநேகிதரா இருக்கறதுனால சொல்றாருன்னு நெனச்சுட்டாங்க. யாரும் நம்பலீங்கண்ணா."

பட்டறையில் ஏதோ இரும்பைப் போடும் ஓசை கேட்டது.

"வெள்ளியங்கிரி ஐயா எதாச்சும் கேட்டாருங்களா, என்னையப் பத்தி?"

"இல்லீங்கண்ணா."

"செரி தங்கச்சி. இங்க ஒரு கேட்டு பாதியில நிக்குது. முடிச்சுக் குடுக்கோணும். வெச்சர்றேன்."

இவர் ரோட்டைப் பார்த்தபடியே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது, துடைக்கக்கூட இல்லை.

"என்ன சொன்னான்?" என்றார்.

"வேலை இருக்குதாம்" என்றேன்.