செல்லமாக

பதினான்காவது முறையாக அந்தச் சொல் திரும்பி வந்திருந்தது. காலையில் அவள் நீக்கிவிட்டுப் போன 'செல்லமாக', தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் கணினியில் பழைய இடத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது. இது மேற்பார்வையாளரின் கைவரிசை. அந்த மனிதருக்கு நாயகன் எதைச் செய்தாலும் செல்லமாகத்தான் செய்தாக வேண்டும். நாயகி மூச்சு விடுவதாக இருந்தால்கூட நாணத்துடன்தான் விட வேண்டும்.

கண் தெரியாதவர்களுக்காகத் திரைப்படங்களுக்குக் காட்சி விவரணை எழுதித் தன் குரலிலேயே படிப்பது அவள் வேலை. வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே கிடைக்கும் மூன்று நான்கு விநாடிக்குள் திரையில் நடப்பதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல், அபிப்பிராயம் சொல்லாதே என்பதுதான் இந்தத் தொழிலின் ஒரே விதி. அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒலிப்பதிவு அறைச் சுவரில் ஒட்டியவரே மேற்பார்வையாளர்தான் என்பதை நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படம், தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடப்படும் காதல் படம். மூன்று வாரம் அதோடு மாரடித்ததில், நாயகி நாற்பத்தொரு தடவை தலைகுனிகிறாள் என்று கணக்கே எடுத்துவிட்டாள். அந்த நாயகிக்கு ஒரு வேலை கிடையாது, ஒரு சிநேகிதி கிடையாது, பசியாவது எடுக்குமா என்பதே சந்தேகம். அவள் வேண்டாம் என்கிறாள், அவன் பின்னாலேயே வருகிறான். கடைசியில் மாடிப்படியில் வைத்து அவள் கன்னத்தில் ஓங்கி அறைகிறான். உடனே எக்காளம் முழங்குகிறது, பாட்டு தொடங்குகிறது, காதல் கனிந்துவிடுகிறது. அறைக்கும் பாட்டுக்கும் இடையில் நான்கு விநாடி.

அந்த நான்கு விநாடிக்குத்தான் இத்தனை சண்டை. 'அவன் கன்னத்தில் அறைகிறான். அவள் படியில் விழுகிறாள்' என்று அவள் எழுதியிருந்தாள். 'செல்லமாகக் கன்னத்தில் தட்டுகிறான். அவள் நாணத்துடன் தலைகுனிகிறாள்' என்பது மேற்பார்வையாளரின் திருத்தம்.

"சார், அவ விழுறா. உதட்டுல ரத்தம் தெரியுது."

"ஜனங்க கொண்டாடுற படம்மா இது. நீ போலீஸ் ரிப்போர்ட் எழுதி வச்சிருக்க," என்றார் அவர். "மத்தியானம் அம்மா கேட்டுப் பார்க்க வர்றாங்க. அவங்க முகம் சுளிச்சா என் வரிதான். படிக்க மாட்டேன்னா சொல்லிடு, வேற குரல் பார்த்துக்கிறேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வேலை போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று ஒரு பக்கம் இடித்தது. அந்தப் பொய்யைத் தன் வாயால் சொல்வதா என்று இன்னொரு பக்கம் கொதித்தது.

அம்மா என்று அவர் சொன்னது, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்மணியை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். விவரணை சேர்த்த படங்களை முதலில் கேட்டுச் சரிபார்ப்பவர் அவர்தான். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், நாற்காலியில் உட்காரும் முன்பே, "கல்யாணத்துக்கு முன்னாடி நாங்க சேர்ந்து பார்த்த படம் இது," என்றார், முகமெல்லாம் மலர. "இவர் பக்கத்துல உட்கார்ந்து காதுல முழுசும் சொன்னாரு. அப்புறம் எத்தனை வாட்டி பார்த்தோம்னு கணக்கே இல்ல."

மேற்பார்வையாளர் அவளைப் பார்த்து, எப்படி என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார்.

மாடிப்படிக் காட்சி வந்தது. அறைகிறான், விழுகிறாள் என்று அவள் எழுதி முன்பே பதிவு செய்திருந்த இரண்டு வரியும் ஒலித்தன. அம்மாவின் நெற்றி சுருங்கியது.

"அத மறுபடி போடுங்க."

மறுபடி ஓடியது.

"இது கைதட்டுற சத்தமாச்சே," என்றார் அம்மா. "கைதட்டிக் கூப்பிடுவான், அவ சிரிப்பா. தியேட்டரே விசிலடிக்குமே."

"இல்லம்மா. அறையுற சத்தம். அவ விழுந்துட்டா," என்றாள் அவள்.

அம்மா கணவர் நின்ற பக்கம் திரும்பினார். "அவ சிரிக்கிறான்னுதானே சொன்னீங்க?"

"சந்தோஷமா படம் பார்க்க வந்த இடத்துல அதப் போய் சொல்லணுமான்னு விட்டுட்டேன்," என்றார் கணவர். "உன் நல்லதுக்குத்தான்."

"அதத்தான் நானும் காலையிலேருந்து சொல்றேன்," என்று மேற்பார்வையாளர் குறுக்கே புகுந்தார். "செல்லமான்னு ஒரு வார்த்தை போட்டுட்டா யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

"அதச் சொல்ல வீட்டுலயே ஒருத்தர் இருக்காரு. நீங்க வேற எதுக்கு?" என்றார் அம்மா. "அந்தப் பொண்ணு எழுதினதே இருக்கட்டும்."

எழுந்து நின்று விசிலடிக்கலாமா என்றிருந்தது அவளுக்கு. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆசை அடங்கிவிட்டது.

"பார்க்குல ஓடிப்புடிச்சு விளையாடுவாங்களே, அது?" என்று அம்மா அவளிடம் கேட்டார்.

"ஓடுறாம்மா. விளையாடல."

அம்மா மடியிலிருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். பிறகு கணவரிடம், "நம்ம கல்யாணத்தன்னிக்கு எங்கம்மா என்ன பண்றாங்கன்னு உங்ககிட்ட கேட்டேன். சிரிச்சுக்கிட்டே நிக்கிறாங்கன்னு சொன்னீங்க," என்றார்.

அவர் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இவர் இப்ப என்ன பண்றார்னு நீ சொல்லும்மா. பார்த்தத மட்டும்."

அவள் அவரைப் பார்த்தாள்.

"தலைகுனிஞ்சு நிக்கிறார்ம்மா," என்றாள். வேறு எதையும் அதில் சேர்க்கவில்லை.