ஏழாம் மாதத்துச் சுவர்

பினாங்கில் எங்கள் வரிசையில் ஒன்பது கடைவீடுகள். மிளகில் சம்பாதித்த ஒருவர் கட்டியவை. மகா கஞ்சன். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே செங்கல் சுவர்தான் வைத்தார். இருபக்கத்து உத்தரங்களும் அதில்தான் தலைவைத்துப் படுத்திருக்கின்றன.

பக்கத்து வீட்டை வாங்கிய லிம் தியாம் ஹோக்குக்கு அதை விடுதியாக்கும் ஆசை. அறைக்கு அகலம் போதவில்லையென்று நடுச்சுவரைத் தன் பக்கம் பாதிக் கனத்துக்கு வெட்டினான். பேய்கள் உலவும் சீன ஏழாம் மாதத்துக்கு முன் இடித்து முடிக்க வேண்டுமென்று அப்படியொரு அவசரம். மாதம் பிறந்ததும் ஆட்களை நிறுத்திவிட்டான். அந்த மாதத்தில் இங்கே யாரும் சுத்தியலைத் தொடமாட்டார்கள்.

எங்கள் தேயிலைக் கடையின் மாடிக்கதவு சாத்த வரவில்லை. சோற்றில் சுண்ணாம்புத் தூள் விழுந்தது. அவனிடம் போய் முதலாளி என்றே கூப்பிட்டுக் கேட்டேன்.

"தவுக்கே, ரெண்டு மரத்தையாவது முட்டுக் குடுங்க."

"இந்த மாசத்துலயா? பேய்ங்க கோவத்த யாரு தாங்குறது? மாசம் முடியட்டும் அக்கா."

"அதுக்குள்ள நானும் அதுங்களோட சேர்ந்துருவேன்."

சிரித்தான்.

என் வீட்டுக்காரர் கிம் சுவி அவனுக்கு மேல்.

"தங்கச்சி வீட்டுக்குப் போயிரலாம், கிழவா."

"பேய் மாசத்துல எவனாவது வீடு மாறுவானா? அப்பாவோட சாமிமேடைய அசைக்கவே கூடாது."

"மேடை அசையல. சுவருதான் அசையுது."

"வாய மூடு, கிழவி. இந்த மாசம் அந்தப் பேச்செல்லாம் ஆகாது."

மறுநாள் காலையில் சுவர் விரிசலுக்குள் என் கை போனது. செத்துப்போன தன் அப்பா போகும் இடத்துக்குத்தான் இந்த மனுஷன் வருவார் என்று தோன்றியது. சாமிமேடையில் மாமனாருக்கு வைத்திருந்த ஊதுவத்திச் சட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். திட்டிக்கொண்டே வெறுங்காலோடு ஓடிவந்தார். பிழைத்தோம் என்று சந்தோஷப்பட்டேன்.

சட்டியைப் பார்த்தார்.

"அப்பா பேர் எழுதின பலகை எங்க?"

"சட்டி போதாதா?"

"அப்பாவ உள்ள விட்டுட்டு ஊதுவத்திச் சாம்பலத் தூக்கிட்டு வந்திருக்க."

திரும்பி நடந்தார். கூப்பிட்டேன். நிற்கவில்லை. கடைமுன் அஞ்சடி நடைபாதையைத் தாண்டி உள்ளே போனார். முதலில் ஓடுகள் சரிந்தன. பிறகு சுவர் விழுந்தது.

பலகை சட்டிக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. என் இன்னொரு கை சும்மாதான் இருந்தது.