வெள்ளீயம் பூசிய தூள்

குழந்தை அவசரக்குடுக்கை. ஊரின் இரண்டு பக்கச் சாலையும் வெள்ளத்தில் மூழ்கிய நாளாகப் பார்த்து, மாதம் நிறையாமல் பிறந்தாள். இருந்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதில் குறைமாதக் குழந்தையை வைக்க ஒரே ஒரு சூட்டுப்பெட்டி. அவளை உள்ளே வைத்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பாழாய்ப்போன பெட்டி அணைந்துபோனது.

அப்பாக்காரன் சர்க்யூட் அச்சடிப்பவன். பெட்டியைக் கழற்றியதும் கோளாறு தெரிந்துவிட்டது. உள்ளே பீங்கான் தகட்டில் நெளிந்து ஓடிய, மின்சாரம் பாயும் உலோகக் கோடு ஓரிடத்தில் கருகி அறுந்திருந்தது. பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. கம்பி வைத்து இணைக்கலாமென்றால், பக்கத்துக் கோடுகள் உரசும் நெருக்கம். புதுக்கோடுதான் போடவேண்டும்.

அதற்கான தூள் அவன் பட்டறையில் இருந்தது. செம்புத் தூள், ஒவ்வொரு துகளுக்கும் மேலே வெள்ளீயப் பூச்சு. பசை தடவி, தூவி, சூடான இரும்பால் அழுத்தினால் பூச்சு உருகித் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும்.

மனைவியின் அண்ணன் கழுத்தளவுத் தண்ணீரில் பட்டறைக்குப் போய், தூள் டப்பாவையும் கருவிப்பையையும் தலைமேல் வைத்துக் கொண்டுவந்தார். கல்யாணத்திலிருந்தே இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அன்றைக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது அவனுக்கு.

அறுந்த இடத்தைச் சுரண்டி, சுற்றிலும் டேப் ஒட்டி, பசை தடவி, மச்சான் நீட்டிய கிண்ணத்திலிருந்து தூவி அழுத்தினான். கோடு கறுத்தது. மின்சாரத்துக்கு வழியிருந்தால் கத்தும் மீட்டரை வைத்தான். சத்தமில்லை. சுரண்டிவிட்டு மறுபடி போட்டான். மீட்டர் வாயே திறக்கவில்லை.

கிண்ணத்தை உற்றுப் பார்த்தான். வெள்ளையாக இருக்கவேண்டிய தூள் சிவந்திருந்தது.

"மச்சான், இதை என்ன பண்ணீங்க?"

"கட்டி கட்டியா இருந்துச்சு மாப்ள. மாத்திரை பொடிக்கிற கல்லுல போட்டு நைசா அரைச்சுட்டேன்."

"ஐயோ! பூச்சு மொத்தமும் உரிஞ்சுபோச்சே! யார் உங்களை அரைக்கச் சொன்னா? என் பொண்ணைக் கொன்னுட்டீங்களே!"

பேசக்கூடாத பேச்சு. மச்சானின் முகம் செத்துப்போனது. நனைந்த சட்டையோடு சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பெற்றவள் மயக்கத்தில் கிடக்க, குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்த நர்ஸ் மெதுவாகச் சொன்னாள். "சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. என் உடம்புச் சூடு இவளுக்குப் பத்தல. கால் ஜில்லுனு ஆயிட்டு வருது."

அவன் காலி டப்பாவை எடுத்துத் தட்டினான். மூடியின் விளிம்புக்குள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கல் படாத தூள், வெள்ளையாகவே இருந்தது. ஒரு சிட்டிகைகூடத் தேறாது. முழு அகலக் கோட்டுக்குக் காணாது. மெல்லிசாகப் போட்டால் மின்சாரம் பாய்ந்ததும் மறுபடி கருகலாம். கருகினால் அடுத்த வாய்ப்பு இல்லை.

மெல்லிசாகவே போட்டான். தூள் சிதறிவிடுமென்று பயந்து, இரும்பின் இரு பக்கமும் விரல்களால் டேப்பை அமுக்கிப் பிடித்தான். தோல் பொசுங்கும் வாடை வந்தது. கையை எடுக்கவில்லை.

மீட்டர் கத்தியது.

தகட்டை மாட்டினார்கள். பெட்டியில் விளக்கு எரிந்தது. நர்ஸ் குழந்தையை உள்ளே வைத்தாள். அவன் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது அணையும், இதோ அணையும் என்று காத்திருந்தான். அணையவில்லை.

வெகுநேரம் கழித்துப் பெட்டியின் துளைக்குள் கையை விட்டு மகளின் பாதத்தைத் தொட்டான். ஒன்றும் தெரியவில்லை. சூடா, குளிரா, தொட்டோமா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. வெந்த விரல்கள் மரத்துக் கிடந்தன.

சுவரோரம் திரும்பினான். "மச்சான்... எனக்குத் தெரியல. நீங்க தொட்டுச் சொல்லுங்க."

மச்சான் எழுந்து வந்தார். சட்டையில் கையைத் துடைத்தார், சட்டையே ஈரம். நர்ஸ் கொடுத்த துணியில் மறுபடி துடைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். பாதத்தை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தார்.

"சொல்லுங்க மச்சான்!"

"சூடா இருக்கா, மாப்ள."