இரண்டாவது கார்டு

திங்கட்கிழமை காலை பரிசோதனை நிலையத்தில் ஒரு ரிப்போர்ட்கூட அச்சாகவில்லை. சனிக்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கிளம்பிவிடுவார் என்று ஒரு கர்ப்பிணிப் பெண் எழுந்து எழுந்து வந்து கேட்டாள். கேட்பவர்களுக்கெல்லாம் ரிசப்ஷனிஸ்ட் ஒரே பதிலைத்தான் சொன்னாள், செர்வர் அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று.

செர்வர் அக்கா நிலையத்து முதலாளியின் கூடப்பிறந்த தங்கை. புகுந்த வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்தவள். அண்ணன் இந்த நிலையத்தைத் தொடங்கியபோது, எந்த ஆபீசிலோ கழித்துக் கட்டிய செர்வர் ஒன்றைக் கொண்டுவரச் செய்து, லைசென்ஸ் கேட்காத லினக்ஸை அதில் ஏற்றி, அந்த ஒரே பெட்டிக்குள் மூன்று தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல ஓடவிட்டவள் அவள்தான். அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவள் தலைகுனியாமல் உட்கார முடிந்ததென்றால் அந்தப் பழைய இரும்பின் புண்ணியம். அது ஓடுகிறவரை அவள் யாருக்கும் பாரமில்லை.

உள்ளே ஓடும் மூன்றும் வெளியே பேச ஒரே வழி, பிரிட்ஜ் என்று அவள் அமைத்திருந்த இணைப்பு. அது ஒரு கையால் அந்த மூன்றையும் மறு கையால் கேபிள் செருகிய நெட்வொர்க் கார்டையும் பிடித்திருக்கும். இன்று மூன்றும் உள்ளுக்குள் நன்றாகப் பேசிக்கொண்டன. வெளியே மட்டும் ஒரு சொல் வரவில்லை. ஸ்டோர் ரூமில் பாதியைத் தடுத்து உண்டாக்கிய செர்வர் அறையில் முழங்கால் சுவரில் இடிக்க ஸ்டூலில் உட்கார்ந்து, கேபிளை மாற்றிப் பார்த்தாள். எதிர்முனையை வேறு இடத்தில் செருகிப் பார்த்தாள். பிரிட்ஜைக் கேட்டால் நான் நலம், முதல் கார்டைப் பிடித்திருக்கிறேன் என்றது. சரியான பதில்தான். ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிக்கும்போதே பதித்துவிடும் எண் ஒன்று உண்டு. அதைத் திரையில் வரவழைத்துப் பார்த்தாள். அது அவள் கார்டின் எண் இல்லை.

மூடியைக் கழற்றினாள். வருடக்கணக்கான தூசிக்கு நடுவே பளபளவென்று இன்னொரு கார்டு செருகியிருந்தது. சுற்றிலும் யாருடைய விரல் தடமோ.

விஷயம் அவ்வளவுதான். இந்தப் பழைய மெஷின் எழும்போது எந்தக் கார்டு முதலில் கண்ணில் படுகிறதோ அதையே முதல் கார்டு என்று வைத்துக்கொள்ளும். புதியது முந்திக்கொண்டது. பிரிட்ஜ் அதை நம்பிக் கேபிளே இல்லாத கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. கார்டின் எண்ணைச் சொல்லிப் பிரிட்ஜை அதோடு அன்றே கட்டிப்போட்டிருந்தால் இந்த வம்பு இல்லை. தன்னைத் தவிர இதற்குள் யார் கை வைக்கப்போகிறார்கள் என்று அவள் விட்டுவிட்டிருந்தாள். அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று அவளிடம், ஒன்று அண்ணனிடம்.

அண்ணனே வந்து வாசலில் நின்றான். இன்னும் ஆகவில்லையா என்றான். அவள் கார்டைக் காட்டினாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"நேத்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் வந்து போட்டுட்டுப் போனான். இனிமே எல்லாம் அவங்க செர்வர்லதான். இந்தப் பழசுல இருக்கறத எல்லாம் அந்தக் கார்டு வழியா அங்க மாத்தினா சீக்கிரம் முடியுமாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணா."

"சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுப்ப. முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு உங்க அண்ணிதான் சொன்னா."

நேற்று இரவு அண்ணி வழக்கமில்லாத வழக்கமாக, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று கரண்டியோடு நின்றது இதற்குத்தானா? சாப்பிட்டது இப்போது நெஞ்சில் கசந்தது.

"உனக்கும் எதுக்கும்மா இந்த அவஸ்தை. வீட்ல இரு. அவளுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கை தானாகப் புதுக் கார்டின் மேல் போயிற்று. பிடுங்கி எறிந்தால் போதும், எல்லாம் பழையபடி ஓடும்.

"அதப் புடுங்கிடாத. ரெண்டும் ஓடற மாதிரி பண்ணு."

இந்தப் பழைய மெஷின் இரண்டைத் தாங்காது என்று சொன்னால் அவனுக்கு என்ன தெரியப்போகிறது? பொய் நாக்கு நுனிவரை வந்தது. கம்பெனி ஆள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். பாரம் என்ற பேரோடு பொய்க்காரி என்ற பேரும் சேரும். வெளியே அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் குரல் மறுபடியும் கேட்டது. கீபோர்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, எந்த எண் முதல் கார்டு, எந்த எண் இரண்டாவது என்று எழுதினாள். இனி யார் எதைச் செருகினாலும் குழம்பாது. எழுதிவிட்டு செர்வரை அணைத்துத் திரும்ப எழுப்பினாள்.

விசிறிகள் ஊளையிட்டு அடங்கின. கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் காகிதத்தைத் தள்ளுகிற சத்தமும், பெஞ்சிலிருந்து ஆட்கள் எழுகிற சத்தமும் கேட்டன. அண்ணன் பெருமூச்சு விட்டான். போய்த் தன் அறையிலிருந்து ஒரு நீலக் கேபிளை இழுத்துக்கொண்டு வந்தான். கம்பெனி ஆள் அங்கே வைத்துவிட்டுப் போன புதுப் பெட்டியிலிருந்து வருகிற கேபிள் அது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த அறைக்குள் குனிந்து நுழைந்து, செர்வரின் பின்பக்கம் தடவினான்.

"எதுலம்மா செருகணும்?"

கேட்டுக்கொண்டே அவன் பழைய கார்டில் செருகியிருந்த கேபிளையே பிடுங்கப்போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து மேலே நகர்த்தினாள். டிக் என்றது. புதுக் கார்டின் பச்சை விளக்கு ஒரு தரம் மினுக்கியது, நின்றது, பிறகு நிற்காமல் மினுக்கத் தொடங்கியது.