நாற்காலி போட்டால் டைகர் வராது

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே குடியிருக்கும் அனைவரும், வலை பின்னுகிறவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கருவாடு காயப்போடுகிறவர்கள் காக்கையைச் சற்று மறந்துவிட்டு, கவனமாகக் கேட்க வேண்டிய செய்தி இது: தேசப்பன் வீட்டுப் பூனை கட்டிலுக்கடியிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை.

சிரிக்க வேண்டாம். அந்தப் பூனையை நம்பி ஒரு மனிதரின் முடிவு காத்துக்கொண்டிருந்தது.

தேசப்பன் பஹ்ரைனில் ஐந்து வருடம் அடுத்தவன் படகில் மீன் பிடித்துவிட்டு, இனிமேல் இங்கேதான் என்று வந்து இறங்கியவர். பெட்டியைக்கூடச் சரியாகப் பிரிக்கவில்லை, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் பொன்னேரி ஏஜெண்டு போன் போட்டுவிட்டான். "திரும்பப் போறியா, இல்லியா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு." ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். அது அவர் வாயிலிருந்து வரவில்லை.

காரணம், மரியாதை. அவர் வந்த அன்று அவர் மனைவி அமுதவல்லி பக்கத்து வீடான என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "அண்ணே, ஒரு நாற்காலி குடுங்க. அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகிறாரு, தரையிலயா குந்த வைக்கிறது?" என்று சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு போனாள். கல்யாணம் ஆனதிலிருந்து தரையில் குந்தியே சோறு தின்ற மனிதர் அவர்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் தேசப்பனுக்கு எல்லாம் கிடைத்தது, வேலையைத் தவிர. தண்ணீர் தட்டில் வைத்து வந்தது. பெரிய இறால் அவர் தட்டில் விழுந்தது. சொம்பை நகர்த்தக் கை நீட்டினால், "உக்காருங்க, நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று சொம்பைப் பிடுங்கினார்கள். போனில் ஓயாமல் "நைனா, நைனா" என்று பேசிய மகள் சரண்யா, நேரில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

டைகர் இவர்கள் எல்லாரையும் மிஞ்சியது. அவர் ஊரில் இல்லாதபோது வந்து ஒட்டிக்கொண்ட பூனை. பெயர்தான் டைகர், வாசலில் பழக்கமில்லாத செருப்புச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் கிடக்கும் உடைந்த ஐஸ் பெட்டிக்குள் போய்ப் புகுந்துகொள்ளும். விருந்தாளி தெருமுனை திரும்பிய பிறகுதான் முதலில் மூக்கு வரும், பிறகு ஒரு காது, பிறகு மிச்சம். இந்த விருந்தாளியோ தெருமுனைக்கே போகவில்லை. அதனால் ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு வந்து தின்றுவிட்டு, விடிவதற்குள் பெட்டிக்குத் திரும்பியது.

தேசப்பன் நாற்காலியிலிருந்து குனிந்து வறுத்த நெத்திலியை நீட்டிப் பார்த்தார். "டைகரு, வா கண்ணு" என்றார். பெட்டிக்குள் எதுவோ இன்னும் பின்னால் நகர்ந்தது.

"ஊட்ல இருக்கற பூனையே நம்மள விருந்தாளின்னு முடிவு பண்ணிட்ச்சு அண்ணே" என்றார் என்னிடம். "அது வெளிய வந்தா இருக்கேன். வரலைன்னா ஏஜெண்டுகிட்ட சரின்னு சொல்லிடுறேன்."

"இதையெல்லாம் பூனையாண்ட போயா கேப்பாங்க?"

"வேற யாரு நெஜத்த சொல்றாங்க?"

நாங்கள் எல்லாரும் அவர் கொண்டு வந்த சென்ட் பாட்டிலை வாங்கிக்கொண்டு அவரை வானளாவப் புகழ்ந்தவர்கள்தானே.

வியாழக்கிழமை மீனவர் சங்கத் தலைவர் துளசிங்கம் வந்தார். பின்னால் இரண்டு பேர், ஒருவர் கையில் பொன்னாடை. அவர் செருமலைக் கேட்டே டைகர் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இருந்தது ஒரே நாற்காலி. தேசப்பன் எழுந்தார், தலைவர் உட்கார்ந்தார். நாற்காலி போனதற்காக ஒரு மனிதர் அவ்வளவு நிம்மதியாக மூச்சுவிட்டு நான் பார்த்ததில்லை.

அமுதவல்லி தரையில் நண்டு வலையை விரித்து நண்டைக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். தேசப்பன் அவள் பக்கத்தில் போய்க் குந்தினார். தலைவர் பேசத் தொடங்கினார்: "கடல் கடந்து சென்று நம் குப்பத்தின் கொடியை நாட்டிய தம்பி..." கேட்டுக்கொண்டே தேசப்பனின் கை தானாக வலைக்குள் போனது.

"ஐய, நீங்க எதுக்கு?" என்றாள் அமுதவல்லி. அவள் கை இரண்டிலும் நண்டு இருந்ததால் தடுக்க முடியவில்லை.

"...வெளிநாடு வாழ் மீனவர் பிரிவின் செயலாளராக, தம்பி மீண்டும் பயணம் சென்று..." என்று தலைவர் உச்சத்துக்குப் போனபோது ஒரு நண்டு தேசப்பனின் கட்டைவிரலைப் பிடித்தது. அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

கதவுக்குப் பின்னாலிருந்து சரண்யா வெடித்துச் சிரித்தாள். "நைனா, உனக்கு நண்டு கூட எடுக்கத் தெரியல! பின்னாடியில புடி நைனா!"

"அங்க கப்பல் மாதிரி மீனெல்லாம் புடிச்சேன்டி. இந்தச் சனியன் வுட மாட்டுது பாரு."

கொடி நாட்டிய இடத்தில் சிரிப்பு வந்ததில் தலைவருக்கு வருத்தம். வலைக்கு நடுவில் நண்டோடு உட்கார்ந்திருந்த செயலாளர் மேல் பொன்னாடையை எறியாத குறையாகப் போர்த்திவிட்டுக் கிளம்பினார். நாற்காலி காலியாக நின்றது. தேசப்பன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் மூக்கு வந்தது. பிறகு காது. பிறகு முழு டைகரும் வந்து, தேசப்பனின் காலை அலட்சியமாகத் தாண்டி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கூடைக்குள் கைவிட்டுத் துழாவியது. அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. வீட்டு ஆளை எந்தப் பூனை பார்க்கிறது? தேசப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"இன்னா செல மாரி குந்திகினு? அந்தக் கூடைய இப்படித் தள்ளு" என்றாள் அமுதவல்லி.

அவர் தள்ளினார். பிறகு ஈரக் கையோடு போனை எடுத்து ஏஜெண்டிடம், "வரல" என்றார்.

சாயங்காலம் அவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்தார். "எல்லாம் இதால வந்த வெனை அண்ணே. இதப் போட்டா டைகர் வராது."

ராத்திரி வெகுநேரம் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். நாற்காலி போட்டுப் போட்டு எத்தனை பேரை வீட்டுக்கு வெளியிலேயே உட்கார வைத்திருக்கிறோம். மரியாதை என்பது ஒருவரை எட்டி நிறுத்துவதற்கு நாம் கண்டுபிடித்த நல்ல வழி. மனிதருக்குத் தெரியாத இது ஒரு பயந்தாங்கொள்ளிப் பூனைக்குத் தெரிந்திருக்கிறதே என்றெல்லாம்.

காலையில் கதவைத் திறந்தேன். அந்த நாற்காலியில் டைகர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.